முடிக்காமல் அனுப்பப்பட்ட மூன்று லட்ச ரூபாய் கிட்டார்

சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினெட்டு ஆண்டுகளாக கிட்டார் வாசித்து வருகிறேன். இத்தனை காலமும் என் கையில் இருந்தது, இந்தோனேசியாவில் செய்யப்பட்ட, 35,000 ரூபாய் விலையுள்ள ஒரு மின்கிட்டார். சென்ற ஆண்டு, பல ஆண்டுச் சேமிப்பை எடுத்து, அமெரிக்காவில் செய்யப்பட்ட உயர்தர கிட்டார் ஒன்றை நகரத்திலுள்ள ஒரு கடையின் மூலம் வரவழைத்தேன். வரிகள் உட்பட 3,10,000 ரூபாய் ஆயிற்று. ஆல்டர் மர உடல், மேப்பிள் நெக் (கழுத்து), ரோஸ்வுட் விரற்பலகை, அதில் குறுக்காகப் பதித்த 22 மெட்டுகள் (உலோகக் கட்டைகள்), 648 மி.மீ. தந்தி நீளம், நான்கு திருகுகளால் உடலோடு பிணைக்கப்பட்ட நெக், தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் இரட்டைச் சுருள் பிக்அப்கள் இரண்டு, கைப்பிடியை அழுத்திச் சுருதியை இறக்க உதவும், பின்புறம் ஸ்பிரிங் பூட்டிய ட்ரெமலோ பிரிட்ஜ் என்பவை அதன் விவரங்கள். தயாரிப்பாளரிடம் நான் கொடுத்த முறையீடு இன்னும் முடிவுக்கு வராததால் நிறுவனத்தின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். இந்த விலையில் கிட்டார் வாங்க நினைக்கும் எவருக்கும், எந்த நிறுவனத்தின் கிட்டாராக இருந்தாலும், கீழே சொல்லப்போகும் குறைகள் பொருந்தும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் கிடைத்தது ஒரு பரிசோதனை அட்டை. தந்தி உயரம், மெட்டுகளின் சமநிலை, நட் (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் வெட்டுகள் கொண்ட துண்டு), மின்னிணைப்பு, மேற்பூச்சு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பேனாவால் சரிக்குறி இட்டு, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அந்த அட்டையை இப்போதும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் சரிக்குறி பெற்ற இனங்களில் நான்கு, அடுத்த இரண்டு வாரங்களில் ஒவ்வொன்றாகத் தவறென்று தெரியவந்தன.

முதலில் கண்ணில் பட்டது நெக்கின் சாய்வு. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேராக நின்று பார்த்தால், தடித்த தந்திக்கும் விரற்பலகையின் ஓரத்துக்கும் இடையே 5 மி.மீ. இடைவெளி இருந்தது, மெல்லிய தந்தியின் பக்கமோ 2 மி.மீ. மட்டுமே. இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். இதனால் என்ன ஆகிறது என்பதை நம் இசையை கிட்டாரில் வாசிப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கமகத்துக்காக மெல்லிய தந்தியைச் சற்றே கீழ்நோக்கி இழுத்தால், அது மெட்டின் முனையைத் தாண்டிப் பலகையின் ஓரத்துக்கு வெளியே நழுவி விழுந்துவிடுகிறது. ஸ்வரம் அந்த இடத்திலேயே அறுந்துபோகிறது. வீட்டில் பழகும்போது இது எரிச்சல்தான். மேடையில் ஒரு பாட்டின் இடையிசையில் நேர்ந்தால் மானம் போகிறது.

திருகி இணைக்கும் நெக்கில் இத்தகைய சாய்வு இருந்தால், தந்திகள் இழுவிசையில் இருக்கும்போதே திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி, நெக்கை மெதுவாக ஒரு பக்கம் தள்ளி, மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நானும் அப்படித்தான் செய்தேன். தள்ளும்போது தந்திகள் அழகாக நடுவுக்கு வந்தன. திருகை இறுக்கியதும் நெக் தானாகவே பழைய கோணத்துக்குத் திரும்பிவிட்டது. கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: நெக்கின் அடிப்பகுதியில் போட்டிருந்த நான்கு துளைகளில் இரண்டு நேராக இறங்காமல் சாய்வாக இறங்கியிருந்தன. உடலில் நெக் பொருந்தும் குழியின் ஒரு பக்கச் சுவருக்கும் நெக்குக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் சந்து. மறுபக்கமோ மரம் மரத்தை இடித்துக்கொண்டு நிற்கிறது. துளையிட்டவர் நெக்கைக் குழியில் சரியாக அமர்த்தி, இரண்டு ஓரத் தந்திகளின் நேர்க்கோட்டை ஒருமுறை பார்த்திருந்தால், இந்த கிட்டார் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டியிருக்காது.

இந்தக் குறை மின்கிட்டார் வரலாற்றில் புதிதன்று. 1965-இல் அமெரிக்க கிட்டார் தயாரிப்பாளரான ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு உற்பத்தி எண்ணிக்கை பெருகிற்று, கவனம் குறைந்தது. 1971-இன் இறுதியில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற தன் மின்கிட்டாரின் நெக்கை நான்கு திருகுகளுக்குப் பதிலாக மூன்று திருகுகளால் பிணைக்கத் தொடங்கினார்கள். மூன்று திருகு என்பது தன்னளவில் மோசமான யோசனை இல்லை. குழி அளவாகச் செதுக்கப்பட்டிருந்தால் அதுவும் உறுதியாகவே நிற்கும். ஆனால் அந்தக் காலத்தில் குழிகள் அகலமாக வெட்டப்பட்டதால் நெக் பக்கவாட்டில் நகர்ந்து, தந்தி ஓரத்தில் விழுந்தது. எழுபதுகளின் அந்த கிட்டார்களுக்கு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் கெட்ட பெயருக்கு இதுவும் ஒரு காரணம். 1985-இல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து நிறுவனத்தை மீட்ட பிறகே அதன் தரம் பற்றிய நம்பிக்கை திரும்பியது. நான் வாங்கியது ஃபெண்டர் கிட்டார் அல்ல என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே எல்லாரும் அறிந்து, எல்லாரும் கண்டித்த ஒரு பிழை, கணினி செலுத்தும் வெட்டு இயந்திரங்கள் நிறைந்த இந்தக் காலத்தில், இந்த விலையில் திரும்பி வருகிறதே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது மெட்டுகள். பதினான்காம் மெட்டில் மூன்றாம் தந்தியை அழுத்தி மீட்டினால் ஒலி எழுந்த வேகத்திலேயே இரைந்து அடங்கிற்று. அங்கிருந்து தந்தியை வளைத்தால் முற்றிலும் மூச்சடைத்துப் போயிற்று. தந்தி உயரத்தைப் பன்னிரண்டாம் மெட்டில் 1.6 மி.மீ.-இலிருந்து 2.2 மி.மீ. வரை உயர்த்திப் பார்த்தேன். இரைச்சல் குறைந்தது, விரல் வலி கூடியது. பிறகு ஒரு சிறிய எஃகுச் சட்டத்தை அடுத்தடுத்த மூன்று மெட்டுகளின் மேல் குறுக்காக வைத்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். சமமான மெட்டுகளின் மேல் சட்டம் அசையாமல் படுத்திருக்கும். பதினைந்தாம் மெட்டு நடுவில் வந்தபோது அது தராசுக் கோல் போல இரு பக்கமும் ஆடியது. அந்த மெட்டின் ஒரு முனையை நகத்தால் அழுத்தினால் மெல்ல இறங்கியது, விட்டால் எழுந்தது. மகன் காற்றாடிக்கு வாங்கி வைத்திருந்த மெல்லிய தாளில் ஒரு துண்டைக் கிழித்து, மெட்டுக்கும் மரத்துக்கும் இடையில் நுழைத்தேன். தடையில்லாமல் உள்ளே போயிற்று. மெட்டு மரத்தின் பள்ளத்தில் முழுதாக இறங்கி உட்காரவே இல்லை.

வீணையோடு ஒப்பிட்டால் இதன் தன்மை இன்னும் தெளிவாகும். வீணையின் 24 மெட்டுகள் மெழுகின் மேல் அமர்த்தப்படுபவை. மெழுகு இளகினாலோ சுருதி பிசகினாலோ தஞ்சாவூரிலிருந்து மேளம் கட்டுபவர் வந்து, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் இடம் பார்த்துப் பதித்துவிட்டுப் போவார். கருவியின் இயல்பே அப்படித் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கிறது. கிட்டாரில் அந்த வசதி கிடையாது. மெட்டின் இடம் கணக்கால் முடிவாகிறது: 648 மி.மீ.-ஐ 17.817-ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் மெட்டு 36.4 மி.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். மீதமுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இந்தப் பள்ளங்களை இயந்திரம் பிழையில்லாமல் வெட்டுகிறது, என் கிட்டாரிலும் பிழையில்லாமலே வெட்டியிருந்தது. அந்தப் பள்ளத்தில் உலோகக் கம்பியை அறைந்து இறக்கி, தலைகளைச் சமமாக அரத்தால் தேய்த்து, மறுபடி வளைவு கொடுத்து, மெருகேற்றுவதுதான் நேரம் பிடிக்கும் வேலை. ஜெர்மனியில் உருவான பிளெக் இயந்திரம், தந்திகள் இழுவிசையில் இருக்கும் நிலையிலேயே மெட்டுகளை அளந்து, எதை எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று கணித்துச் சீராக்குகிறது. கிப்சன் போன்ற பெரிய நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் பள்ளத்தில் சரியாக உட்காராத மெட்டை எந்த இயந்திரமும் தேய்த்துச் சரிசெய்துவிட முடியாது. இன்று தேய்த்து மட்டமாக்கினாலும் நாளை அது மறுபடி எழும்.

மெட்டுகளின் முனைகள் இன்னொரு குறை. இடது கையை நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டினால் ரம்பத்தின் பல்லில் கை படுவது போல உறுத்திற்று. முதல் ஒரு மணி நேரப் பயிற்சியிலேயே ஆள்காட்டி விரலின் அடியில் தோல் சிராய்ந்தது. இதைக் கடையில் காட்டியபோது, “கப்பலில் வரும்போது ஈரப்பதம் மாறியிருக்கும் சார், மரம் சுருங்கினால் முனை வெளியே நீட்டும்” என்றார்கள். வறண்ட காற்றில் விரற்பலகை சுருங்குவதும், உலோகம் சுருங்காததால் முனைகள் வெளியே நீட்டிக்கொள்வதும் உண்மைதான். வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டும்போது அது வழக்கமாக நடக்கிறது. கிட்டார் தொழிற்சாலைகள் பொதுவாக 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் மரத்தை வைத்துச் செய்கின்றன. என் அறையிலுள்ள ஈரப்பதமானி அன்று 68 காட்டிற்று. கடற்கரை ஊரின் இந்தக் காற்றில் மரம் உப்புமே தவிரச் சுருங்காது. உப்பிய மரத்திலும் முனைகள் உறுத்துகின்றன என்றால், அவை தொழிற்சாலையில் தேய்க்கப்படாமலே வந்திருக்கின்றன என்றுதான் பொருள். இந்த விளக்கத்தைச் சொன்னபோது கடைக்காரர் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை.

நட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம், நான்காம் தந்திகளுக்கான வெட்டுகள் ஆழம் போதாமல் இருந்தன. தந்தியைத் திறந்த நிலையில் துல்லியமாகச் சுருதி சேர்த்த பிறகும், முதல் மெட்டில் அழுத்தினால் 12 சென்ட் கூடுதலாக ஒலித்தது. ஒரு அரைச்சுரம் என்பது 100 சென்ட். அதில் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டப் பிசகினால், திறந்த தந்திகளோடு வாசிக்கும் எந்தக் கார்டும் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்பும்) புளிப்பாகவே கேட்கும். வெட்டின் அகலமும் குறைவு. சுருதி ஏற்றும்போது தந்தி அதில் சிக்கி, பிறகு டிக்கென்ற சத்தத்தோடு தாவிற்று. ட்ரெமலோவை ஒருமுறை அழுத்தி எடுத்தால் சுருதி மீண்டு வரவில்லை.

மின்னிணைப்புக் குறையை ஒரு திருமண வரவேற்பில்தான் கண்டுபிடித்தேன். மேடை விளக்குகளின் வெளிச்சத்தைக் குறைக்கும் கருவி அருகிலேயே இருந்தது. ஒலிபெருக்கியை ஏற்றியதும் பெரிய இரைச்சல். பொதுவாகத் தந்தியைக் கையால் தொட்டவுடன் இந்த இரைச்சல் தணியும், ஏனென்றால் பிரிட்ஜ் வழியாகத் தந்திகள் பூமியிணைப்போடு தொடர்பில் இருக்கும். அன்று தொட்டாலும் விட்டாலும் இரைச்சல் ஒன்றுபோலவே இருந்தது. பழைய கிட்டாரை எடுத்துதான் அந்த நிகழ்ச்சியை முடித்தேன். வீட்டுக்கு வந்து பின்பக்க மூடியைத் திறந்தால், ஸ்பிரிங்குகளைத் தாங்கும் உலோக நகத்தின் மேல் ஈயம் பளபளப்பில்லாமல், சாம்பல் நிறத்தில், ஒரு குன்றிமணி அளவில் உருண்டிருந்தது. அங்கே பற்றவைத்திருந்த பூமியிணைப்புக் கம்பியை மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. உலோகம் போதுமான அளவு சூடேறும் முன்பே ஈயத்தை வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து மறுபடி பற்றவைக்க எனக்கு மூன்று நிமிடம் ஆயிற்று.

மேற்பூச்சில் நெக் குழியின் விளிம்பில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருக்கிறது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

நல்லவற்றையும் சொல்லியாக வேண்டும். மரம் அருமையானது, உடல் மூன்றரைக் கிலோவுக்குக் குறைவாகவே இருக்கிறது, மூன்று மணி நேர நிகழ்ச்சியிலும் தோள் வலிப்பதில்லை. நெக்கின் பின்புற வளைவு என் கைக்கு அளவெடுத்தது போல அமைந்திருக்கிறது. பிக்அப்கள் இரண்டும் தெளிவானவை. ஒலிக் கட்டுப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாலும் மேல்நிலைச் ஸ்வரங்கள் மங்குவதில்லை. பழைய கிட்டாரில் எத்தனை முயன்றும் வராத ஒரு கனிவு இதில் உண்டு. அந்தக் கனிவுக்காகவே இதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

வடிவமைப்பின் பலவீனத்தையும் தயாரிப்பின் பிழையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கிப்சன் லெஸ் பால் கிட்டாரின் தலைப்பகுதி 17 பாகை கோணத்தில் பின்னால் சாய்கிறது. ஒற்றை மஹோகனி மரத்தில் செய்யப்படுவதால் அந்த இடத்தில் மரநார் குறுக்காக ஓடுகிறது. நெக்கின் வளைவைச் சீராக்க உள்ளே பதிக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பிக்கான பள்ளமும் அங்கேதான் வருகிறது. கீழே விழுந்தால் அது முறிவது எல்லாரும் அறிந்த விஷயம். எழுபதுகளில் அந்த இடத்தில் தடிப்பு சேர்த்துச் செய்தார்கள், பிறகு கைவிட்டார்கள். அதை விரும்பாதவர்கள் வேறு கிட்டார் வாங்கிக்கொள்ளலாம். தெரிந்தே வாங்குபவர்கள் பாதுகாத்துக்கொள்ளலாம். நான் சொல்லும் குறைகள் அப்படிப்பட்டவை அல்ல. இவற்றை எந்த வரைபடமும் கேட்கவில்லை. எந்த வாங்குபவரும் முன்கூட்டியே அறிய முடியாது.

என் பழைய 35,000 ரூபாய் கிட்டாரின் மெட்டுகள் இன்றும் மட்டமாக இருக்கின்றன. அது அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. மரத்தை வெட்டுவதும் குழி செதுக்குவதும் மெட்டுப் பள்ளம் இடுவதும் இன்று எங்கும் ஒரே வகை இயந்திரங்களால் நடக்கின்றன. நல்ல கிட்டார் அமெரிக்காவில்தான் பிறக்கும் என்ற எண்ணத்தை எழுபதுகளிலேயே ஜப்பானிய மட்சுமோட்டோ நகரத்தின் ஃபூஜிகென் தொழிற்சாலை அசைத்துவிட்டது. 1982-இல் ஃபெண்டரே அங்கே கிட்டார் செய்யத் தொடங்கிற்று. அப்படியானால் ஏறக்குறைய ஒன்பது மடங்கு விலை கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்? கொஞ்சம் மேலான மரத்துக்கு, கொஞ்சம் மேலான பிக்அப்களுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி ஒரு மணி நேரம் ஒரு தேர்ந்த ஆள் அதைக் கையில் எடுத்து, ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் அழுத்திக் கேட்டு அனுப்புவார் என்பதற்கு. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இந்த நிறுவனம் என் கிட்டாருக்குத் தரவில்லை.

கடையின் சேவை முதலில் ஏமாற்றமளித்தது. “செட்டப் செய்து தருகிறோம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தந்தி உயரத்தையும் ட்ரஸ் ராடையும் சீராக்குவதுதான் செட்டப். சாய்ந்த துளையும் உட்காராத மெட்டும் அதில் சரியாகாது. தயாரிப்பாளரின் உத்தரவாதத்தில் ‘செட்டப் சார்ந்தவை அடங்கா’ என்று ஒரு வரி இருப்பதால் எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள் அடைக்கப் பார்த்தார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ‘குறைபாடு’ என்ற சொல்லுக்குத் தரத்தில் உள்ள எந்தப் பிழையையும் போதாமையையும் உள்ளடக்கியே விளக்கம் தருகிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள்களுக்கான புகாரை மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம்; 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அளவுகளையும் படங்களையும் இணைத்து, இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கடிதம் கொடுத்த பிறகு பேச்சு மாறியது. மாற்றுக் கருவி வர நான்கு மாதம் ஆகும். அல்லது வெளியே பழுதுபார்த்துக்கொண்டால் செலவை ஏற்கிறோம், உத்தரவாதமும் நீடிக்கும் என்று மின்னஞ்சலில் உறுதி தந்தார்கள். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். அந்த எழுத்து உறுதி இல்லாமல் யாரும் தம் கிட்டாரில் வெளியாள் கை வைக்க விட வேண்டாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக கிட்டார் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நெக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “இது கெட்டுப்போனது இல்ல தம்பி, முடிக்காம விட்டது” என்றார். நான்கு துளைகளிலும் கடின மரத்தில் கடைந்த ஆணிகளைப் பசையிட்டு அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, தந்தியின் நேர்க்கோட்டைப் பார்த்து நேராகப் புதுத் துளையிட்டார். பதினைந்தாம் மெட்டைப் பிடுங்கிப் புதியதை இறக்கினார். பிறகு எல்லா மெட்டுகளையும் மட்டமாக்கி, முனைகளை ஒவ்வொன்றாக உருட்டி, எலும்பில் புது நட் செதுக்கினார். மூன்று நாள் வேலைக்கு 9,000 ரூபாய் கேட்டார். கடை அதை முழுதாகத் தந்துவிட்டது.

கடையில் நின்றே இவற்றைப் பார்த்துவிட முடியும். பெட்டியில் வந்த கிட்டாரை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போகாமல், முதலில் இரண்டு ஓரத் தந்திகளும் பலகையின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு தந்தியையும் முதல் மெட்டிலிருந்து கடைசி மெட்டு வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்கள். 132 ஸ்வரங்கள், பத்து நிமிடம் ஆகும், கடைக்காரர் காத்திருக்கட்டும். பத்தாம் மெட்டுக்கு மேல் தந்தியை முழுச்சுரம் வளைத்துப் பாருங்கள். சுருதிமானியை வைத்து முதல் மெட்டின் ஸ்வரங்களைச் சோதியுங்கள். ஒலிபெருக்கியில் இணைத்துத் தந்தியிலிருந்து கையை எடுத்தும் வைத்தும் இரைச்சலைக் கேளுங்கள். இணையத்தில் வாங்குபவர்கள் இதை வீட்டில் செய்து, முழுவதையும் காணொளியாகப் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது இந்த கிட்டார் நான் எதிர்பார்த்தபடியே ஒலிக்கிறது. மெல்லிய தந்தி ஓரத்தில் விழுவதில்லை. பதினான்காம் மெட்டில் பிடித்து இழுத்தால் ஸ்வரம் நான்கைந்து நொடி தாங்கி நிற்கிறது. கருவிக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். அதை அனுப்பிய விதத்துக்கு ஒன்றுக்கு மேல் தர இயலாது. நெக்கைக் கழற்றினால் நான்கு ஆணி அடைப்புகளும் தெரியும். என்றாவது இதை விற்க நேர்ந்தால் வாங்குபவரிடம் அவற்றைக் காட்டித்தான் விற்க வேண்டும். துளை அடைத்த கிட்டாருக்கு அவர் விலையைக் குறைத்தே கேட்பார். அந்த இழப்பைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளருக்கு இரண்டு கடிதங்கள் எழுதிவிட்டேன். முதல் கடிதம் கிடைத்தது என்று மட்டும் ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது.